மூணாம் நம்பர் ஷூ

பள்ளிக்கூடம் திறக்க நாலே நாள் இருக்கும்போது கல்வி மாவட்ட அலுவலகத்துக்குள் போய் யாரையாவது நலம் விசாரித்துப் பாருங்கள், அடிக்க வருவார்கள். அறுபத்து நாலு பள்ளிக்கும் புத்தகக் கட்டு போயாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவியாச்சா என்று கேட்டாக வேண்டும். கால் உடைந்த பெஞ்சுக்கெல்லாம் தச்சரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். இரண்டு மாதம் தூங்கிக் கிடந்த டெலிபோன் அந்த நாலு நாளில் வாய் ஓயாமல் கத்தும்.

இந்த அமளியிலும் ஒரு மேஜை மட்டும் சுத்தமாக இருந்தது. அது எண்ணிக்கை அக்காவின் மேஜை. எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பது பத்தொன்பது வருஷமாக அவள் பொறுப்பு. ஒரு தலைமையாசிரியர் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை கூட்டலில் ஒன்று தப்பவிட்டால் போதும், டெலிபோனிலேயே மனுஷனைத் துவைத்துக் காயப்போட்டு விடுவாள். "பிள்ளைங்களை எண்ணத் தெரியாம என்ன சார் ஸ்கூல் நடத்துறீங்க?" இதைக் கேட்காத தலைமையாசிரியர் அந்த மாவட்டத்தில் கிடையாது.

அந்த வருஷம் அதிகாரி புதுசு. எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்று கை பரபரக்கிற வயசு. வழக்கமாகப் பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத்தான் பிள்ளைகளுக்கு இலவச ஷூ வரும். அதுவும் மூட்டையாக வந்து வராந்தாவில் கொட்டும்; பாதிப் பிள்ளைகளுக்கு இடது கால் கிடைக்கும், வலது கால் கிடைக்காது. இவர் அதை மாற்றினார். ஷூ இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் தனிப் பெட்டியாக வரும் என்றார். கடைசி வாரத்தில் இன்னும் ஒரு படி போய், பெட்டியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், நேரே வீட்டுக்கே அனுப்புவோம் என்றார். பெட்டிக்குள் ஒரு கடிதம் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கடிதத்தை எழுதியது அக்காதான். கூட்டல் கழித்தல் தவிர வேறொன்றும் தெரியாதவள் என்று எல்லாரும் நினைத்திருந்த அக்கா, ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து ஐந்தாறு வரி எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அதை வாசித்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார்.

"அன்புள்ள" என்று ஆரம்பித்து, பிள்ளையின் பெயருக்கு ஒரு கோடு. பிறகு: "விடுமுறை முடிந்துவிட்டது. உன் பெஞ்சைத் துடைத்து வைத்திருக்கிறோம். இந்த ஷூ உனக்கென்றே வாங்கியது. நீ வளர்ந்திருப்பாய் என்று எங்களுக்குத் தெரியும். வந்து காட்டு."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஷூ அளவுக்கும் அவளே வழி சொன்னாள். ஆறாயிரம் பிள்ளைகளின் கால்களை யார் அளந்துகொண்டிருப்பது? போன வருஷத்து நம்பரோடு ஒன்றைக் கூட்டிப் போட்டால் தீர்ந்தது. கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் கூட்டிக் கொடுத்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் ஷூப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். அதிகாரி கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டார். முதல் நன்றி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அவரே எழுந்து வெளியே வந்தார்.

"வாங்கம்மா. ஷூ வந்து சேர்ந்துச்சா? பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "சைஸ் சரியான்னு தெரியலீங்க."

"ஏன், போட்டுப் பாக்கலியா?"

"போட்டுப் பாக்க அவ இல்லீங்க. ரெண்டு மாசம் பத்து நாள் ஆச்சு. காய்ச்சல்."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் டெலிபோன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினாள். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள வந்தவள்போலக் கேட்டாள்.

"போன வருஷம் என் சின்னவளுக்கு ரெண்டாம் நம்பர். இதுல மூணு போட்டிருக்கு. நான் தையல்காரிங்க. அளவு எடுக்காம துணியில கத்திரி வைக்கமாட்டேன். அவ கால் வளந்திருக்குன்னு யாருங்க அளவெடுத்தது?"

கண்ணாடிக்கு உள்ளே, சுத்தமான மேஜைக்குப் பின்னால், அதைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று அவளுக்குப் பட்டியலைப் பார்க்காமலே தெரியும். வாய்க்கால் பள்ளி, நாலாம் வகுப்பு, பள்ளிப் பதிவேட்டில் வரிசை எண் பதினாலு.

விஷயம் இதுதான். இருபது பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்; ஒன்று குறைந்து பத்தொன்பது ஆனாலும் ஒருவர்தான். வருஷக் கடைசியில் எண்ணிக்கை நாள் என்று ஒரு நாள் உண்டு, அன்றைக்குப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அடுத்த வருஷத்துக்குச் சட்டம். வாய்க்கால் பள்ளியில் சரியாக இருபது பேர். எண்ணிக்கை நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் அந்தத் தலைமையாசிரியர் டெலிபோன் செய்தார். "பிள்ளை போயிடுச்சும்மா. பேரை எடுத்துடவா?"

ஊருக்கெல்லாம் விதி பேசுகிற அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இப்ப எடுக்காதீங்க சார். எண்ணிக்கை முடியட்டும். ஸ்கூல் திறந்தப்புறம் சத்தமில்லாம எடுத்துக்கலாம்." அங்கே இரண்டாவது ஆசிரியை அவள் கூடப்பிறந்த தங்கை. ஆறு வருஷம் நாலு மணி நேர பஸ் பயணத்தில் இடுப்பொடிந்து, அக்கா யார் யார் காலையோ பிடித்து, போன வருஷம்தான் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தவள். கைக்குழந்தைக்காரி. இந்த மாதிரிப் பெயரைக் கொஞ்ச நாள் விட்டுவைப்பது அந்த மாவட்டத்தில் புதுசும் இல்லை. ஊர் மாறிப் போன பிள்ளை, படிப்பை நிறுத்திய பிள்ளை எல்லாம் எண்ணிக்கை நாள் வரை பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திட்டுகிறவளே அக்காதான். ஷூவை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஆறாயிரம் பெயர் அச்சாகி வந்தபோது அந்த ஒரு பெயரை அவள் தேடவும் இல்லை.

அதிகாரி உள்ளே வந்து, ஸ்பீக்கரைப் போட்டுத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். அந்தத் தாய் வாசலில் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வெறும் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு தனக்காக என்று அக்காவுக்குப் புரிந்தது. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று அந்த மனுஷன் காத்திருக்கிறார். அக்கா ஸ்டேப்ளரைத் திறந்து, உள்ளே பின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"என் தப்புதான் சார்" என்றார் தலைமையாசிரியர். "பேரை எடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? செத்துப்போன பிள்ளையை மறந்துட்டீங்களா சார்?"

"ஆமா சார்."

"திங்கட்கிழமை நீங்க ஸ்கூல் பக்கமே போக வேணாம். இங்க வந்து நில்லுங்க."

அதிகாரி அக்காவிடம் திரும்பினார். நீக்கல் படிவத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். புது வருஷத்துத் தேதியைப் போட்டுவிட்டால் பழைய எண்ணிக்கையைத் தொட வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆக, அக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் தங்கைக்கு ஒரு வருஷம் பயமில்லை. பழி தலைமையாசிரியரோடு போய்விடும்.

அக்கா படிவத்தை நீட்டினாள். அந்தத் தாய் அதைப் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். "இன்னிக்கு வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மறுபடி அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொதித்துப்போய் வந்தாள். தலைமையாசிரியரைப் பற்றிய சேதி அதற்குள் எட்டியிருந்தது.

"அவரா மறந்தாரு? வாலு போன அன்னிக்கு ஸ்கூலை மூடிட்டு அங்கயே கிடந்தாருக்கா! அவங்க அப்பாவால நிக்க முடியலன்னு இவர்தான் எல்லாத்தையும் செஞ்சாரு. அவரு எப்படி மறப்பாரு?" வாலு என்பது அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் பெயர், ஒரு இடத்தில் உட்காராதாம்.

அக்கா அடுப்பை அணைத்தாள். சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "நான்தான்டீ எடுக்க வேணாம்னு சொன்னேன். உனக்காகத்தான்."

தங்கை குழந்தையை இறக்கிவிட்டாள்.

"எனக்காகன்னு சொல்லாதே. நான் கேட்டேனா? திங்கட்கிழமை நான் அந்த வகுப்புல நின்னு புது ரிஜிஸ்டர்ல ஆஜர் எடுக்கணும். பதிமூணு கூப்பிட்டப்புறம் பதினாலு கூப்பிடணும். அந்தப் பதிமூணு, வாலு பக்கத்துலயே உக்காந்த பொண்ணு. நான் அந்தப் பேரைக் கூப்பிட்டிருந்தா அந்தப் பொண்ணு என்னை எப்படிப் பாத்திருக்கும்? அதை யோசிச்சியா நீ?"

அக்கா அதை யோசிக்கவில்லை. எண்ணினாள், அவ்வளவுதான். பத்து வயதில் தாயில்லாமல் நின்ற தங்கையைத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் அவள். அந்தத் தங்கை இப்போது அவளை நிமிர்ந்து பார்க்கக் கூசிக்கொண்டு, குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகிற வழியில் அவள் அந்தத் தாயின் தையல் கடைக்குப் போனாள். ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் ஒரு கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், கொடி நிறைய பள்ளிச் சீருடை. திறக்கப் போகிற பள்ளிகளுக்கெல்லாம் பாவாடையும் நிக்கரும் தையல்காரிதான் தைத்துக்கொண்டிருந்தாள். ஷூப் பெட்டி நூல் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

அக்கா வாசலில் நின்றபடியே, ஒன்றுவிடாமல் சொன்னாள். டெலிபோன் வந்தது, தான் சொன்னது, தங்கை வேலை, தன் பழியைத் தலைமையாசிரியர் சுமந்தது, எல்லாம். சொல்லி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது.

தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. ஒரு விளிம்பை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள். "இதை ஆபீஸர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட..."

"எங்கிட்ட சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம் மேடம்? என்னால உங்களை என்ன செஞ்சுட முடியும்? அங்க சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

நெஞ்சு லேசானதற்குக் காரணம் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தனக்கு எதுவும் நஷ்டமாகாத இடத்தில் வந்து கொட்டிவிட்டு, மன்னிப்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று பார்த்திருக்கிறாள். நேற்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததைவிட இது கேவலம். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே அலுவலகம் போனாள்.

அதிகாரி முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அந்த அம்மாவுக்குத் தெரியும் சார். என் தங்கச்சிக்கும் தெரியும்."

"அக்கா, ஹெட்மாஸ்டரே ஒத்துக்கிட்டாரு. அவரை நான் ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன். எண்ணிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. இப்ப தப்புன்னு எழுதினா அறுபத்து நாலு ஸ்கூலையும் தோண்டுவாங்க. எனக்கு இது முதல் வருஷம். விட்டுடுங்க."

எவ்வளவு சுலபமாக விட்டுவிடலாம் என்று அக்கா பார்த்தாள். தானும் அப்படித்தானே ஒரு டெலிபோனில் சுலபமாகச் சொன்னாள். கையில் மடித்து வைத்திருந்த தாளை மேஜைமேல் வைத்தாள். இரண்டே வரி. வாய்க்கால் பள்ளியின் எண்ணிக்கை இருபது இல்லை, பத்தொன்பது. இருபது என்று வைக்கச் சொன்னது நான்.

"தோண்டட்டும் சார். என்னை முதல்ல தோண்டட்டும்."

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் தொடவே இல்லை. கடைசியில் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் வாய்க்குப் பயந்தவர்கள் எல்லாம் அவளைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாயங்காலம் தலைமையாசிரியர் பள்ளிக்குத் திரும்பலாம் என்று உத்தரவு போயிற்று. அக்காவுக்கு மெமோ வந்தது. தங்கை உபரி ஆசிரியை ஆனாள். பழையபடி நாலு மணி நேர பஸ். அக்கா டெலிபோனில் சொன்னபோது தங்கை "சரி" என்று மட்டும் சொன்னாள். கோபமா, இல்லையா என்று அந்தச் சரியில் ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை படிவத்தோடு மறுபடி கடைக்குப் போனாள். தையல்காரி இந்தத் தடவை ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். அக்கா உட்கார்ந்தாள்.

"டீச்சர் வேற ஸ்கூலுக்குப் போறாங்களாமே."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, பேரு இருக்கட்டும்னு நானே சொல்லியிருப்பேன்." தையல்காரி மடியிலிருந்த துணியை ஒதுக்கி வைத்தாள். "அவங்கதான் சின்னவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க போயிட்டா மிச்சப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எனக்கு அது புரியாதா? அவ பேரு பத்துப் பிள்ளைக்கு உதவும்னா வேணாம்னு சொல்லுவேனா? நீங்க கேக்கவே இல்லியே மேடம். அவ எங்க பிள்ளை. உங்க நம்பர் இல்ல."

அக்காவுக்கு அழுகை வந்தது. இங்கே அழுகிற உரிமை தனக்கில்லை என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

தையல்காரி பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். மடிப்பில் கசங்கியிருந்தது. "இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே படிங்க. என்னால முதல் வரிக்கு மேல போக முடியல. என்னதான் எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அக்கா தாளை வாங்கினாள். "அன்புள்ள" என்றாள். அதற்குப் பக்கத்தில் கோட்டின் மேல் கம்ப்யூட்டர் அடித்த பெயர் இருந்தது. வாய்க்கால் பள்ளி, நாலாம் வகுப்பு, பதினாலு என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். கொடியில் தொங்கிய சீருடைகளுக்கு நடுவே அந்தப் பெயர் கேட்டது. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடுமுறை முடிந்துவிட்டது. உன் பெஞ்சைத் துடைத்து வைத்திருக்கிறோம். இந்த ஷூ உனக்கென்றே வாங்கியது." அக்கா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "நீ வளர்ந்திருப்பாய் என்று எங்களுக்குத் தெரியும்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நிறுத்திட்டீங்களே. இன்னும் ஒரு வரி இருக்குபோல."

"வந்து காட்டு" என்று படித்தாள் அக்கா.

தையல்காரி கையைப் பாவாடைத் துணியில் துடைத்துக்கொண்டு, படிவத்தை வாங்கி, காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். ஷூப் பெட்டியை மூடி அக்காவின் மடியில் வைத்தாள்.

"எந்தப் பிள்ளைக்காவது மூணாம் நம்பர் கால் இருக்கும். குடுத்துடுங்க."

அக்கா எழுந்தாள். தையல்காரி கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"அளவெடுத்துட்டுக் குடுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் டேப்பை மறக்காம கொண்டுவந்துடுங்க மேடம். எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."